கல், பேர், பாதை: மலையூர்ப் பழமை பற்றி வாசகர் கேட்டவை

பழனி மலையிலும் நீலகிரியிலும் உள்ள சிற்றூர்களின் பழமையைத் தேடிப் பார்ப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

என் மகன் வேல்ஸில் படிக்கிறான். நெவர்ன் என்ற சின்ன கிராமத்துக்குப் பக்கத்தில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறான். நிற்கும் கற்கள் மேல் ஒரு பெரிய பலகைக்கல். எங்கள் ஊர்க் காட்டில் 'குள்ளர் வீடு' என்று சொல்வோமே, அச்சு அசல் அதேதான். அந்த ஊர்க்காரர்களும் நம் முன்னோரும் ஒரே கூட்டமா?
– வாசகர், தாண்டிக்குடி

ஒரே கூட்டம் இல்லை. உங்கள் மகன் எடுத்த படம் பென்ட்ரே ஈவன் என்ற இடமாகத்தான் இருக்கும். அதன் கூரைக்கல் 5 மீட்டருக்கு மேல் நீளம், எடை சுமார் 16 டன். தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் மூன்று கற்களின் கூர்முனையில் உட்கார்ந்திருக்கிறது. கட்டியது கி.மு. 3500 வாக்கில். அவர்கள் கல் கருவிகளோடு வேளாண்மை செய்த மக்கள். இரும்பைக் கண்டதில்லை. நீங்கள் குள்ளர் வீடு என்று சொல்லும் நம் மலைக் கல்திட்டைகளை இரும்புக் காலத்தவை என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கடலும் காலமும் நடுவில் கிடக்கின்றன.

அப்படியானால் உருவம் ஏன் ஒத்துப்போகிறது? இறந்தவருக்குக் கல்லில் வீடு கட்ட நினைக்கிற யாரும், பலகையாகப் பிளக்கிற பாறை கையில் இருந்தால், இரண்டு மூன்று கல்லை நிறுத்தி ஒன்றை மேலே ஏற்றத்தான் செய்வார்கள். உருவம் ஒத்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து உறவு சொன்னால் தவறிப்போகும். அருகே போய்ப் பார்த்தால் வேறுபாடு தெரியும். பென்ட்ரே ஈவனுக்குப் பின்னால் ஏறக்குறைய 36 மீட்டர் நீளத்துக்குக் கற்குவியலின் தடம் இருக்கிறது. பழனி மலையில் உள்ளவை பெட்டி போன்றவை. மண்ணில் புதைக்காமல், பெரும்பாலும் மொட்டைப் பாறையின் மேலேயே பலகைகளை நிறுத்தியிருக்கிறார்கள். பல இடங்களில் நான்கைந்தாக வரிசை கட்டி, சுற்றிலும் கல் அடுக்கிய மதிலோடு இருக்கின்றன. செண்பகனூர் இயேசு சபைத் துறவிகள் ஆங்கிலேடும் நியூட்டனும் இவற்றை மலை மலையாக நடந்து அளந்து, 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் பழனி மலைக் கல்திட்டைகளுக்கு அதுதான் அடிப்படைப் பதிவு. அவர்கள் அளந்த பின் காணாமல்போன கற்களுக்கு மிஞ்சியிருப்பது அந்த எழுத்து மட்டுமே.

மகன் இன்னொரு முறை அந்தப் பக்கம் போனால், நெவர்ன் ஊருக்குள் உள்ள புனித பிரைனாக் தேவாலயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வாசலுக்கு அருகே 4 மீட்டர் உயரக் கற்சிலுவை நிற்கிறது. 10, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பின்னல் வேலைப்பாடு கொண்டது. அதைவிட முக்கியமானது உள்ளே இருக்கிறது. ஒரு சன்னலின் அடிக்கல்லைக் குனிந்து பார்த்தால், லத்தீன் எழுத்தும், கல்லின் ஓரத்தில் கோடு கோடாக வெட்டிய ஓகம் என்ற எழுத்தும் சேர்ந்து இருக்கும். மக்லோகுனஸ் என்பவரின் நினைவுக்கல் அது. பிற்காலத்தில் கட்டியவர்கள் அதைச் சன்னலுக்குப் பலகையாக வைத்துவிட்டார்கள். நம் ஊரிலும் இதைத்தான் பார்க்க வேண்டும். வாய்க்கால் மேல் போட்ட கல், துணி துவைக்கிற கல், கோயில் படிக்கட்டு, மாட்டுத் தொட்டி: பழைய கல்லை நிற்கிற இடத்தில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது.

மூன்று கல்லை நிறுத்தி ஒரு கல்லை மேலே போட்டிருந்தால் அது கல்திட்டைதானா? எங்கள் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியதும் அப்படித்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்தறிவது? கண்டால் என்ன குறிக்க வேண்டும்?
– வாசகர், பேத்துப்பாறை

முதலில் கல்லின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பழைய பலகையின் விளிம்பு மழையில் தேய்ந்து மழுங்கியிருக்கும். விளிம்பில் அரைக் குழாய் போல நேரான பள்ளம் ஓடினால் அது வெடிக்குத் துளை போட்ட தடம். கல் உடைத்தது அண்மைக் காலத்தில் என்று பொருள். வரிசையாக ஆப்புக் குழிகள் தெரிந்தாலும் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். இரும்பு ஆப்பு பல நூற்றாண்டுகளாகப் புழங்குகிறது.

அடுத்து, கல்லின் மேல் படர்ந்திருக்கும் பாசியும் சாம்பல் நிறக் கற்பூவும். நிறுத்திப் பல காலம் ஆன கல்லில், காற்று படும் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி படிந்திருக்கும். கற்பூ படிந்த முகம் தரையைப் பார்த்துக் கிடந்தாலோ, உட்புறம் திரும்பியிருந்தாலோ, அந்தக் கல்லை யாரோ பிற்பாடு புரட்டி வைத்திருக்கிறார்கள். நிறுத்திய கல்லின் காலடியில் சிறு கற்களைச் செருகி இறுக்கியிருக்கிறார்களா, அடியில் தளக்கல் உண்டா என்றும் பாருங்கள். மழைக்கு ஒதுங்கக் கட்டியவன் தளக்கல் போட மாட்டான். ஒரு பக்கப் பலகையில் வட்டமாகவோ அரைவட்டமாகவோ துளை இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதை இடுதுளை என்பார்கள். கடைசியாக, சுற்றிலும் நடந்து பாருங்கள். கல்திட்டை தனியாக இருப்பது குறைவு. ஒன்று நின்றால், சரிந்து கிடக்கும் இன்னும் இரண்டு பக்கத்துப் புதருக்குள் இருக்கும்.

அளக்க இரண்டு பேர் வேண்டும். 5 மீட்டர் இரும்பு டேப், 30 மீட்டர் துணி டேப், கோடு போட்ட நோட்டு, பென்சில் போதும். ஒவ்வொரு பலகைக்கும் திசையை வைத்துப் பேர் கொடுங்கள்: வடகல், கீழ்கல், தென்கல், மேல்கல், கூரைக்கல், தளக்கல். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம் ஒரு முறை. தடிமன் மட்டும் மூன்று இடத்தில். பலகை ஒரே தடிமனில் இருக்காது என்பதால்தான் மூன்று. திறந்த பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று காம்பஸில் பாகைக் கணக்காகக் குறியுங்கள். போனில் உள்ள காம்பஸ் அருகே இரும்பு டேப்போ, டார்ச் லைட்டோ, பைக்கோ இருந்தால் பிசகிவிடும். எல்லாவற்றையும் நாலடி தள்ளி வைத்துவிட்டு, போனை எட்டு வடிவில் இரண்டு சுற்று ஆட்டி, மூன்று முறை பாருங்கள். மூன்றும் ஐந்து பாகைக்குள் ஒத்துவந்தால் எழுதிக்கொள்ளலாம்.

இருப்பிடம் காட்டும் வசதி மொட்டைப் பாறையில் ஐந்து மீட்டர் துல்லியத்தில் காட்டும். சில்வர் ஓக் மரத்தடியில் பத்து, இருபது மீட்டர் வரை தள்ளிப்போகும். ஆகவே மரத்தடியில் இருந்தால், ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு பெரிய பாறையிலிருந்தோ பாதைத் திருப்பத்திலிருந்தோ டேப் பிடித்துத் தூரத்தையும் குறித்துவையுங்கள்.

படம் காலை எட்டு மணிக்கு முன்னோ மாலை நாலு மணிக்குப் பின்னோ எடுங்கள். நாலு பக்கமும் ஒவ்வொன்று, தூரத்திலிருந்து பின்னால் உள்ள மலைமுகடும் தெரிகிற மாதிரி ஒன்று. பக்கத்தில் அடிக்குச்சியை வையுங்கள். ஆளை நிற்கவைத்து அளவு காட்டுவது சரிவராது, ஆளின் உயரம் பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது. கல்லின் மேல் யாரும் ஏறக் கூடாது. கூரைக்கல் உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

இதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, மாநிலத் தொல்லியல் துறையின் எழும்பூர் தலைமை அலுவலகத்துக்குத் தபாலிலும், நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். முகநூலில் இடத்தின் புள்ளியோடு போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறோம். புதையல் தேடுகிறவர்களும் அதைப் படிக்கிறார்கள். கல்திட்டைக்குள் பெரும்பாலும் உடைந்த பானையும் துருப்பிடித்த இரும்பும்தான் கிடைக்கும். அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எங்கள் காப்பித் தோட்டத்தில் ஒரு கல்திட்டை. நடுவில் மரம் முளைத்து, வேர் ஒரு பலகையைத் தூக்குகிறது. மரத்தைப் பிடுங்கிவிட்டு சிமென்ட் வைத்துப் பூசலாமா?
– வாசகி, பண்ணைக்காடு

பிடுங்காதீர்கள். இப்போது அந்த வேர்தான் பலகையைத் தாங்குகிறது. இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். தண்டைத் தரைமட்டத்தோடு ரம்பத்தால் அறுத்துவிட்டு, துளிர் விடும்போதெல்லாம் கிள்ளிக்கொண்டே இருங்கள். அடிவேர் தானாகச் செத்து மெல்ல மக்கும். சிமென்ட் கூடவே கூடாது. கல்லைவிட இறுகலாகப் பிடித்துக்கொண்டு, மழைநீரை உள்ளே நிறுத்தி, சில வருடத்தில் கல்லின் ஓரத்தையே செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். பிடிப்புக்குக் கல் வைக்க வேண்டிய நிலை வந்தால், அதைத் தொல்லியல் துறை ஆட்கள் வந்து பார்த்துச் செய்யட்டும்.

ஊர் எல்லையில் வில் பிடித்த வீரன் கல் இருக்கிறது. மேலே எழுத்தும் இருக்கிறது. கோலமாவு தூவித் துடைத்தால் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. படித்துச் சொல்வீர்களா?
– பழனி மலை அடிவாரத்திலிருந்து மூன்று வாசகர்கள்

முதலில் மாவு தூவுவதை நிறுத்துங்கள். மாவு எழுத்துக்குள் மட்டும் இறங்காது. கல்லில் இயற்கையாக இருக்கும் வெடிப்புக்குள்ளும் இறங்கும். வெடிப்பு எழுத்தின் காலாகத் தெரியும், தேய்ந்த எழுத்து காணாமல்போகும். பிறகு படத்தை வைத்துப் படிப்பவர் தவறாகத்தான் படிப்பார். மாவைத் தின்ன எறும்பு வரும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். சாக்பீஸ் இன்னும் மோசம், துளைக்குள் இறங்கினால் போகாது. எண்ணெய் தேய்த்தால் தூசி ஒட்டிக் கறுப்புப் படலமாகிவிடும்.

சுலபமான வழி சாய்வெளிச்சம். இருட்டியபின் இரண்டு பேர் போங்கள். ஒருவர் போனைக் கல்லுக்கு நேர் எதிரே, ஆடாமல், ஒரு மூட்டையின் மேலோ தாங்கியின் மேலோ வைத்துப் பிடிக்கட்டும். இன்னொருவர் டார்ச்சைக் கல்லின் இடது ஓரத்தில் கல்லோடு கல்லாக, உள்ளங்கை அகலம் மட்டும் விலக்கி, பக்கவாட்டில் அடிக்கட்டும். ஒரு படம். பிறகு மேலிருந்து, வலதிலிருந்து, கீழிருந்து. நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாலிலும் ஒரே இடத்தில் நிற்கிற கோடுதான் எழுத்து. வெளிச்சம் மாறும்போது இடம் மாறுவது வெறும் மேடுபள்ளம். கீழிருந்து அடித்த படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே நம் கண் பழகியிருப்பதால், குழி மேடாகவும் மேடு குழியாகவும் தெரியும். பகலில்தான் முடியும் என்றால், முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து, அந்த ஒளியைக் கல்லின் மேல் பக்கவாட்டில் வழியவிடுங்கள்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது, பழகிய கை செய்ய வேண்டிய வேலை. கல்லைத் தண்ணீரால் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தட்டுப் பிரஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டித் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்கி, அரைகுறையாகக் காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றி எடுக்க வேண்டும். தாள் ஈரமாக இருக்கும்போதே மை வைத்தால் மை பரவிக் கல்லிலும் இறங்கிவிடும். முற்றிலும் காய்ந்துவிட்டால் தாள் கல்லைவிட்டு எழும்பி எழுத்து மங்கிவிடும். மலையில் மூடுபனி உள்ள நாளில் இந்தக் காய்ச்சல் பக்குவத்தைப் பிடிப்பது கடினம். தொல்லியல் துறைக்கோ அருகில் உள்ள பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ சொல்லி, பழகியவரை வரவழையுங்கள்.

மூன்று கடிதத்திலும் அனுப்பிய படங்கள் மாவு பூசியவை. அதனால் அவற்றை இங்கே படித்துச் சொல்லவில்லை. இந்த மலைக்குக் கீழே, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களை மனத்தில் வையுங்கள். தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று ஒரு கல் சொல்கிறது. கூடலூர் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவனின் கல். நாட்டில் எழுத்தோடு கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவை அவை. உங்கள் எல்லைக்கல் அவ்வளவு பழையதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கோலமாவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே விட்டுவிடக் கூடாது.

மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எடுத்து எங்கள் பட்டா நிலத்தில் தேடிப் பார்க்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

கூடாது. பட்டா உங்களுடையதாக இருந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் பழம்பொருள் உங்களுடையது ஆகாது.

வீட்டுக்கு வானம் தோண்டும்போது மூன்றடி ஆழத்தில் பெரிய பானையின் விளிம்பு தெரிகிறது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. வேலையை நிறுத்திவிட்டோம். யாரிடம் சொல்வது? சொன்னால் வீடு கட்டவே விட மாட்டார்கள் என்கிறார்களே?
– வாசகி, ஆயக்குடி

நிறுத்தியது நல்ல காரியம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வட்டாட்சியருக்கு அனுப்புவார். வீடு கட்ட விடமாட்டார்கள் என்ற பயம் வேறொரு சட்டத்தால் வந்தது. ஒன்றிய அரசு பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டத் தடை, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். ஒரு பானை கிடைத்த வீட்டுமனை அதற்குள் வராது. வந்து பார்த்து, எடுத்துப் பதிந்தபின் வேலை தொடரும்.

அதுவரை பானையைத் தூக்காதீர்கள். உள்ளிருக்கும் மண்ணின் கனத்தில் அடி கழன்று கையில் விளிம்பு மட்டும் வரும். கழுவாதீர்கள், உள்ளே ஒட்டியிருக்கும் கரியும் தானிய உமியும்தான் காலத்தைச் சொல்லும். தெரியும் பகுதியைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்தி, மேலே மண்ணைத் தள்ளி மூடி, சுற்றிலும் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். மழை வந்தால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடாதபடி ஒரு வரப்பு. மூடும் முன், தரைமட்டத்திலிருந்து விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுங்கள்.

கறுப்பு சிவப்பு எப்படி வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் வந்த நிறம் அது. கவிழ்ந்திருந்த வாயும் உட்புறமும் காற்றுப் படாமல் புகையில் வெந்து கறுத்தன. காற்றுப் பட்ட வெளிப்புறம், மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவந்து செந்நிறமானது.

எங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையில் ஒரு இடத்தில் 'ஹட்டி', இன்னொரு இடத்தில் 'அட்டி'. எது சரி? கோத்தகிரிப் பக்கம் ஊர்ப்பெயரை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?
– வாசகர், கோத்தகிரி

ஹட்டிதான் சரி. தமிழில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்திலும் படகு மொழியிலும் ஹகரம் வரும்: பால் – ஹாலு, பள்ளி – ஹள்ளி. அந்தக் கணக்கில் ஹட்டி என்பது நம் 'பட்டி'யின் உடன்பிறப்பு. ஹகரத்தை உதிர்த்து அட்டி என்று எழுதினால் அந்த உறவே மறைந்துபோகிறது. நடுஹட்டி, இடுஹட்டி என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதுங்கள். ஊர்ப்பெயரைத் தமிழ்ப்படுத்துகிறேன் என்று திருத்துவது, கல்வெட்டில் எழுத்தை அழிப்பதற்குச் சமம்.

பேரின் வால் யார் குடியிருப்பு என்று சொல்லிவிடும். ஹட்டி என்றால் படகர் ஊர், மந்து என்றால் தோடர் ஊர், கோக்கால் என்றால் கோத்தர் ஊர். நீலகிரியில் கோத்தர் ஊர்கள் ஏழு. கோத்தகிரியே 'கோத்தர் மலை'தான். பெட்டு மலையையும் ஹள்ளா ஓடையையும் குறிக்கும். படகர் ஊருக்குள் போனால், ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்காரும் கல்மேடையை, 'சுத்துக்கல்'லை முதலில் கேளுங்கள். செருப்போடு ஏறாதீர்கள், அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தோடர் கோயிலுக்கும் இதே மரியாதை உண்டு.

ஒரு நாள் நேரம் இருந்தால் கன்னேரிமுக்கில் உள்ள ஜான் சல்லிவனின் பெத்தகல் பங்களாவையும் சேர்த்துக்கொள்ளலாம், கோத்தகிரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த அவர் 1819இல் மலையேறினார். உதகையில் கல் பங்களா கட்டுவதற்கு முன் அவர் இருந்த இடம் இதுதான். இப்போது நீலகிரி ஆவண மையமும் நினைவகமும் அங்கே உள்ளன. பழைய படங்களைப் பார்த்துவிட்டு ஊர்களுக்குப் போனால், எந்த மலைச்சரிவில் தேயிலைக்கு முன் என்ன இருந்தது என்று கண்ணுக்குப் புலப்படும்.

கொடைக்கானலில் எங்கள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் பழைய ஆங்கிலக் கல்லறைகள். எழுத்து தெரியவில்லை. ஆசிட் போட்டுக் கழுவலாம் என்கிறார்கள்.
– தேவாலயக் குழுவினர்

ஆசிட் பட்டால் சலவைக்கல் கரைந்து எழுத்தோடு போய்விடும். பிளீச்சிங் பவுடரின் உப்பு கல்லுக்குள் இறங்கி, காயும்போது மேல்தோலைப் பெயர்க்கும். கம்பிப் பிரஷ் கருங்கல்லுக்கும் ஆகாது. வேண்டியது தண்ணீரும் மிருதுவான நைலான் பிரஷும் பொறுமையும்தான். கல் நன்றாக ஊறும்வரை தண்ணீர் தெளித்து, கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்கு நீர் காய்ந்த கல்லில் கோடாக வழிந்து கறையாகும். ஆடும் கல்லை, விரிசல் விட்ட கல்லை, தட்டினால் வெற்றொலி வரும் கல்லைத் தொடவே வேண்டாம். எழுத்து மட்டும் போதும் என்றால் மேலே நடுகல்லுக்குச் சொன்ன சாய்வெளிச்சமே போதும்.

சில கற்களில் எழுத்தே இல்லாமல் சின்னச் சின்னத் துளைகள் மட்டும் இருக்கும். அங்கே ஈய எழுத்துகளைப் பதித்திருந்தார்கள், உதிர்ந்துவிட்டன. துளைகள் அமைந்த விதத்திலிருந்தே எழுத்தைக் கண்டுபிடிக்கலாம். தாளை வைத்துப் புள்ளிகளைக் குறித்து, பக்கத்தில் முழுதாக உள்ள ஒரு கல்லின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படித்த பேரைத் தேவாலய அடக்கப் பதிவேட்டோடு சரிபாருங்கள். பதிவேடு செல்லரித்துப் போயிருந்தால், சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல் அந்தக் காலத்தில் லண்டனுக்குப் போனது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கிறது. கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் 1845இல் வீடு கட்டினார்கள். அவர்கள் ஆங்கிலேயச் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல என்பதால் அவர்களின் பேர் அந்த வரிசையில் இல்லாமல் போகலாம், மிஷன் ஆவணங்களில் தேட வேண்டும்.

கொடைக்கானலுக்கு முன்பே இருந்த ஊர் என்று வெள்ளகவியைச் சொல்கிறார்கள். பழைய பாதையில் நடந்து போய்ப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பெரியகுளம்

1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளக்க வந்தபோது தங்கியது வெள்ளகவியில்தான். கொடைக்கானல் அப்போது ஊரே இல்லை. மோட்டார் பாதை வரும்வரை துரைமார் டோலியிலும் சாமான்கள் தலைச்சுமையிலும் பெரியகுளம் பக்கத்திலிருந்துதான் ஏறின.

வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்கு வழியாக இறங்குவது எளிது. கும்பக்கரையிலிருந்து ஏறுவது முழங்காலைச் சோதிக்கும். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அமர்த்துங்கள். கிளை பிரியும் இடங்களில் எஸ்டேட் பாதையும் ஊர்ப்பாதையும் ஒன்றுபோலவே இருக்கும். மழை மாதங்களில் அட்டை ஏறும். சுண்ணாம்பும் புகையிலையும் நனைத்த துணியைக் காலில் கட்டினால் ஒதுங்கும். காலை ஏழு மணிக்கே புறப்படுங்கள், பிற்பகலில் மூடுபனி இறங்கினால் நாலடி முன்னால் இருப்பது தெரியாது. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊரே கோயில் என்பது அவர்கள் வழக்கம், வெளியூர்க்காரருக்கும் அதுதான்.

வழியில் கால் வைக்கும் கல்லைப் பாருங்கள். பழைய பாதையில் கல்லின் நடு தேய்ந்து வழவழப்பாக, ஓரம் சொரசொரப்பாக இருக்கும். செங்குத்தில் பாதை நேராக ஏறாமல் மடங்கி மடங்கிப் போகும். சுமையோடு நடப்பவர் மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் சுமைதாங்கிக் கல்லோ, உட்காரும் பாறையோ இருக்கும். அங்கிருந்து அடுத்த நிறுத்தம் வரை எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டு போனால், தலைச்சுமைக்காரன் கணக்கு உங்களுக்கு விளங்கிவிடும்.

வெளிநாட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பழமைப் பட்டியல் இருக்கிறதாமே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து எங்கள் ஊருக்கும் அப்படி ஒன்று செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?
– ஆசிரியை, பூம்பாறை

வேல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1908இல் ஒரு ஆணையம் வைத்து ஊர் ஊராகப் பழஞ்சின்னங்களைப் பதியத் தொடங்கினார்கள். இன்று அந்தப் பதிவுகள் கோஃப்லைன் என்ற தளத்தில் யாரும் பார்க்கும்படி உள்ளன. தேவாலயத்துக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பது பற்றிய, 1836ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்தை ஒட்டி வரைந்த வரைபடங்கள் அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வயலும் யாருடையது, என்ன பயிர், பல இடங்களில் வயலின் பேர் என்ன என்பது வரை அவற்றில் உண்டு. 2016இல் சட்டம் போட்டு, பழைய இடப்பெயர்களுக்கு அரசுப் பட்டியலே வைத்துவிட்டார்கள்.

நம்மிடமும் அதற்கு இணையான தாள் உண்டு, ஒரே இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும் (ஊர் நிலங்களின் பட்டியல்) புலப்படமும் (நில அளவைப் படம்) இருக்கும். புலப்படத்தில் பாறை, ஓடை, பாதை, சுடுகாடு, கோயில் புறம்போக்கு ஆகியவற்றுக்குத் தனி எண் இருக்கும். அந்த எண்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பழமை பெரும்பாலும் புறம்போக்கில்தான் தப்பிப் பிழைத்திருக்கும், பட்டா நிலத்தில் உழவும் தோட்டமும் அழித்திருக்கும். அடுத்து இந்திய நில அளவைத் துறையின் வரைபடம். பழனி மலைக்கு 58 எஃப் வரிசை. கல்வெட்டு உண்டா என்று பார்க்க, 1887 முதல் வரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள்.

பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரியுங்கள். நாலு குழு போதும், அதற்கு மேல் ஒரு ஆசிரியரால் பார்த்துக்கொள்ள முடியாது. ஒரு குழு கோயிலும் கல்லும், ஒன்று பாதையும் நீர்நிலையும், ஒன்று பழைய வீடுகள், ஒன்று பெரியவர்களோடு பேச்சு. பேசப் போகும் குழுவுக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். 'இது எத்தனை வருசம் பழசு, பாட்டி?' என்று கேட்டால் ஆயிரம் வருசம் என்றுதான் பதில் வரும். 'இந்தக் கல்லுக்கு யார் வீட்டு விளக்கு? எந்த மாசம்? முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு? பஸ் வருவதற்கு முன் உப்பு எந்த வழியாக வந்தது? இந்த வயலுக்கு உங்க தாத்தா என்ன பேர் சொல்வார்?' என்று கேட்கச் சொல்லுங்கள். குழந்தை வேலப்பர் கோயிலைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எல்லாவற்றையும், சொன்னவர் வயதோடு, தேதியோடு, சொன்ன வார்த்தையிலேயே எழுதட்டும். நவபாஷாணச் சிலை, போகர் என்று சொல்வதை 'ஊரார் சொல்வது' என்ற பத்தியில் எழுத வேண்டும், 'பார்த்தது' என்ற பத்தியில் அல்ல. இந்த இரண்டு பத்தியையும் நோட்டில் கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

வரைபடத்துக்கு ஒரு முழு சார்ட் தாள். ஒரு சென்டிமீட்டருக்கு பத்து மீட்டர் என்று வைத்தால் தெருக்கள் ஒரே தாளில் அடங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஊர்ப்பெயரின் முதல் எழுத்தோடு எண்: பூ1, பூ2. அதே எண் படத்திலும் நோட்டிலும் வரைபடத்திலும் வர வேண்டும். எண் குழம்பினால் மறுபடி போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, அதனால் எண் கொடுக்கும் வேலையை ஒரே பிள்ளையிடம் விடுங்கள். எல்லாரும் பென்சிலில் எழுதட்டும், பூம்பாறைப் பனியில் பேனா மை ஊறிப் போய்விடும். முடிந்ததும் மூன்று நகல்: பள்ளிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று, கொடைக்கானல் நூலகத்துக்கு ஒன்று. பள்ளி நகலை அடுத்த வருட எட்டாம் வகுப்பு எடுத்துப் போய், எண் எண்ணாகப் பார்த்து, எது இடம் மாறியிருக்கிறது, எது இல்லை என்று சிவப்புப் பென்சிலில் குறிக்கட்டும்.